தாமே பயின்ற அறிஞர் மைக்கேல் பாரடே

மின்னியல் நூலைத் திறக்கும் மாணவர் எவரும் மைக்கேல் பாரடேயின் பெயரைக் காணாது செல்ல இயலாது. எந்தக் கல்லூரியிலும் பயிலாத அவர் எவ்வாறு கற்றார் என்பதையே ஈண்டுக் கூற விழைகிறோம்.

1791 செப்டம்பர் 22ஆம் நாள் இலண்டனை அடுத்த நியூயிங்டனில் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்தார். தந்தையார் நோயாளி. 1801இல் விலைவாசி ஏறியபோது, சிறுவர் பாரடேக்கு ஒரு வாரம் முழுமைக்கும் ஒரே ரொட்டிதான் தரப்பட்டதாம். எழுத்தும் படிப்பும் சிறிது கணக்கும் கற்றதோடு பள்ளி முடிந்தது. 13ஆம் வயதில் ஜார்ஜ் ரீபோ என்பவரின் புத்தகக் கடையில் எடுபிடியாகச் சேர்ந்தார். அவர் உண்மையாய் உழைத்தமை கருதி, 1805இல் ரீபோ கட்டணமின்றியே பைண்டிங் தொழிலைப் பயிற்றுவிக்க இசைந்தார்.

பைண்டு செய்ய வந்த நூல்களே அவருக்குப் பாடநூல்களாயின. பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியத்தில் மின்சாரம் பற்றிய கட்டுரை ஒன்று. ஜேன் மார்செட் அம்மையார் உரையாடல் வடிவில் எழுதிய வேதியியல் நூல் மற்றொன்று. படித்ததை அவர் அப்படியே நம்பிவிடவில்லை. வாரந்தோறும் மிஞ்சிய சில பென்னிகளைக் கொண்டு பொருள் வாங்கி, நூல் கூறியதைத் தம் கையால் செய்து பார்த்தார். மெய்யெனக் கண்டபின்னரே நூலை நம்பினார். பிற்காலத்தில் புகழ் பெற்றபோது, அவ்வம்மையாருக்குத் தம் ஆய்வுரைகளை அனுப்பி நன்றி காட்டினார்.

நூல் ஒன்றே போதும் என்று அவர் இருந்துவிடவில்லை; தனித்துக் கற்பாரில் பலர் தவறுவது இங்கேதான். ஐசக் வாட்ஸ் என்பாரின் அறிவு வளர்ச்சி நூல் காட்டிய வழியில் குறிப்பேடு எழுதினார், சொற்பொழிவு கேட்டார், நண்பர் ஆபட்டுக்குக் கடிதங்கள் எழுதித் தம் எண்ணங்களைத் தெளிவாக்கினார். 1810இல் டேட்டம் என்பவர் நிகழ்த்திய அறிவியல் சொற்பொழிவுகளுக்கு நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அதனைக் கொல்லுத் தொழில் செய்த அண்ணன் கொடுத்தார். கருவிகளை வரைந்து வைக்க வேண்டுமே! ரீபோ வீட்டில் தங்கியிருந்த ஓவியர் ஒருவரின் அறையைத் துப்புரவு செய்து, அவரிடம் வரைகலை கற்றார்.

1812இல் கடைக்கு வந்த ஒருவர் அளித்த சீட்டால் ஹம்ப்ரி டேவியின் நான்கு சொற்பொழிவுகளைக் கேட்டார். குறிப்புகளை விரித்தெழுதி, படங்களுடன் தாமே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813 மார்ச்சில் ராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளர் வேலை கிட்டியது. அவ்வாண்டே டேவியுடன் ஐரோப்பியப் பயணம். டேவியின் மனைவியார் அவரை ஏவலாளாகவே நடத்தினார். அது எத்தகைய புண் என்பதை நம்மவர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. திரும்பிவிடவும் எண்ணினார்; ஆயினும் ஆம்பியர், வோல்ட்டா போன்றோரைக் காணும் வாய்ப்பை இழக்க மனமின்றிப் பொறுத்தார்.

1831 ஆகஸ்டு 29இல் இரும்பு வளையம் ஒன்றில் இரு கம்பிச் சுருள்களைச் சுற்றி மின்தூண்டலைக் கண்டார். மின்னாக்கிகளும் மின்மாற்றிகளும் அதன் வழி வந்தவையே.

ஒரு குறை மட்டும் இறுதிவரை நீங்கவில்லை. உயர்கணிதம் அவருக்குக் கைவரவில்லை. காந்தத்தைச் சூழ்ந்த இரும்புத் தூள் அமையும் வரிகளைக் கண்டு, விசைக்கோடுகள் என்னும் கருத்தை வளர்த்தார். கணித அறிஞர் பலர் அதனைப் பொருட்படுத்தவில்லை. கேம்பிரிட்ஜில் பயின்ற இளைஞர் கிளார்க் மாக்ஸ்வெல்லோ அக்கோடுகளைக் கணிதத்தில் வடித்து, 1857இல் தம் கட்டுரையை அனுப்பினார். அத்தனை கணிதத்தைக் கண்டு முதலில் அஞ்சியதாகவும், தம் கருத்து அதனைத் தாங்கி நின்றமை கண்டு வியந்ததாகவும் பாரடே எழுதினார். கணித முடிவுகளை எளிய மொழியிலும் தந்தால் தம் போன்றோர் சோதனையால் ஆராய இயலுமே என்று அவ்வாண்டே மற்றொரு மடலில் கேட்டார். அப்போது அவருக்கு வயது 66.

1867 ஆகஸ்டு 25இல் பாரடே மறைந்தார். 1873இல் வெளிவந்த தம் பெருநூலின் முன்னுரையில் மாக்ஸ்வெல், வழக்கமான குறியீடுகள் இன்றேனும் பாரடேயின் சிந்தனை முறையும் கணித முறையே என்று அறிவித்தார்.