கானகம் புகுந்த கலைஞர் மா. கிருஷ்ணன்

வேங்கை, யானை முதலிய கான விலங்குகளை நாடிக் காட்டிற்குச் சென்றோர் ஒரு காலத்தில் துப்பாக்கி ஏந்தியே சென்றனர். வீழ்த்திய விலங்கின்மீது கால் வைத்து நின்று படம் எடுத்துக்கொள்வதும், அதன் தலையைப் பாடஞ்செய்து கூடத்துச் சுவரில் மாட்டுவதும் பெருமை எனக் கருதப்பட்டன. துப்பாக்கியை விடுத்து, ஒளிப்படக் கருவியைச் சுமந்து காடு புகுந்த தமிழருள் தலைசிறந்தவர் மா. கிருஷ்ணன் ஆவார்.

இவர் 1912ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் திருநெல்வேலியில் பிறந்தார். பத்மாவதி சரித்திரம் என்னும் புதினத்தை இயற்றிய அ. மாதவையாவின் மக்கள் எண்மருள் இவரே இளையவர். 1925ஆம் ஆண்டு, பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்குதல் வேண்டும் எனச் சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசி அமர்ந்த மாதவையா, ஆங்கேயே உயிர் நீத்தார். தந்தையை இழந்தபோது கிருஷ்ணனுக்கு வயது 13. பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். பேராசிரியர் ஃபைசனுடன் மலைகளில் சுற்றிச் செடிகொடிகளை ஆராய்ந்தார். அவர் மனைவியாரிடம் ஓவியமும் கற்றார். சட்டமும் படித்தார், ஆயினும் வழக்கறிஞர் தொழில் அவர் உள்ளத்தைக் கவரவில்லை.

1942ஆம் ஆண்டு பெல்லாரியை அடுத்த சந்தூர் சமத்தானத்தில் பணி ஏற்றார். ஆசிரியர், நீதிபதி எனப் பல பொறுப்புகளை ஆங்கு வகித்தார். சமத்தானம் 1949இல் சென்னை மாகாணத்துடன் இணைந்தபின் சென்னைக்கு மீண்டார். மாதந்தோறும் ஊதியம் தரும் வேலையை நாடாது, எழுதியே வாழத் துணிந்தார். குடும்பத் தலைவர் ஒருவர்க்கு இஃது எளிய துணிவன்று.

மாணவர்களே, ஆமாவைக் காட்டெருமை என நம்மில் பலர் வழங்குகின்றனர். அது பொருந்தாது. ஆமா மாட்டினத்தைச் சேர்ந்தது. மெய்யான காட்டெருமை தமிழகத்துக் காடுகளில் இல்லை. அசாமின் காசிரங்கா முதலிய இடங்களிலும் சத்தீசுகர்க் காடுகள் சிலவற்றிலும் வாழ்கிறது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் மண்டிகளில் எருமைத்தோலையும் மாட்டுத்தோலையும் தொட்ட அளவிலேயே பிரித்தறிவார் உளர். நூல் கற்ற நாமோ காட்டில் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறோம்!

ஆமாவைப் படம் பிடிப்பது அரிய செயல். ஆறடி உயரமும் ஆயிரம் கிலோ வரை எடையும் உடைய காளையின் உடல் கருமையானது. முழங்காலுக்குக் கீழே காலுறை அணிந்தாற்போல் வெண்மை. வெண்மைக்கு ஏற்ப ஒளியை அளந்தால் உடல் வெறும் கரும்பாறையாய்ப் பதியும். கருமைக்கு ஏற்ப அளந்தால் கால்கள் வெளிறி மறையும். அது நிற்பதோ மரநிழலில். அதன் மோப்ப ஆற்றலும் மிகப் பெரிது. காற்று மாறி வீசின் கணத்தில் மறைந்துவிடும். காட்டு விலங்குகள் வளர்ப்பு யானையைக் கண்டு அத்துணை அஞ்சுவதில்லை. ஆதலின் கிருஷ்ணன் சில வேளைகளில் யானைமீது அமர்ந்து நெருங்குவார்; சில வேளைகளில் நடந்தே செல்வார். பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே பொருத்தி அமைத்த பெருங்கருவி ஒன்றை அவர் கையாண்டார். அதற்கு அவர் விளையாட்டாக இட்ட பெயர் சூப்பர் பாண்டரோசா. வண்ணப்படத்தை விரும்பாமல் கறுப்பு வெள்ளையிலேயே எடுத்து வந்தார்.

அப்படங்கள் அழகுக்காக மட்டும் எடுக்கப்பட்டவை அல்ல. எந்த விலங்கு எங்கு எவ்வாறு வாழ்ந்தது என்பதற்கு அவை சான்று. அச்சான்றின் தேவை விரைவிலேயே விளங்கிற்று. 1968ஆம் ஆண்டு முதுமலை, பந்திப்பூர்க் காடுகளில் வெக்கை நோய் பரவி, ஆமாக்கள் பெருவாரியாக மாண்டன. ஊர் மாடுகளிலிருந்து காட்டிற்குத் தொற்றக்கூடிய கொடிய நோய் அது. உலகினின்று அது முற்றும் ஒழிந்ததென 2011இல்தான் அறிவிக்கப்பட்டது. கிருஷ்ணன் தென்னாட்டுப் பெருவிலங்குகளைப் பற்றி ஆராய்ந்த 1959 முதல் 1970 வரையிலான காலத்தில் இப்பேரழிவு நிகழ்ந்தது. அவ்வாராய்ச்சி 1975இல் நூலாக வெளிவந்தது.

இந்திய அரசு அவருக்குப் பத்மசிறீ விருது வழங்கிற்று. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய இயற்கைக் கட்டுரைத் தொடரை அவர் 46 ஆண்டுகள் இடைவிடாது எழுதினார். 1996ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அன்றைய இதழிலும் அவர் கட்டுரை வெளிவந்திருந்தது.