கவியரசர் தாகூரும் கீழைத்தேயக் கலைஞரும்

வங்கம் ஈன்ற கவியரசர் இரவீந்திரநாத தாகூரின் வரலாற்றைப் பாடநூல்கள் பலவும் கூறியுள்ளன. 1861ஆம் ஆண்டு மே மாதம் 7ஆம் நாள் கல்கத்தாவின் ஜொறாசாங்கோ மாளிகையில் மகரிஷி தேவேந்திரநாதரின் புதல்வராய்த் தோன்றியமை, இளமையிற் பள்ளிக்கூடத்தை வெறுத்தமை, 1901இல் தாமே சாந்திநிகேதனத்தில் ஒரு பள்ளியை நிறுவியமை, 1913இல் நோபற் பரிசு பெற்றமை, 1915இல் ஆங்கில அரசு வழங்கிய ‘சேர்’ பட்டத்தை 1919இல் அமிர்தசரசுப் படுகொலையின் பின்னர்த் துறந்தமை என்னும் இவற்றை நம் மாணவர் தடையின்றி ஒப்புவிக்க வல்லர். ஆதலின் அவற்றை விரித்தல் வேண்டா. போர் புரியும் நாடுகளின் கலைஞரோடு அப்பெருமகனார் கொண்டொழுகிய உறவு எத்தகையது என்பதே ஈண்டு நாம் கூறப்புகுவது.

இதனை எழுதத் தூண்டியது மாணவன் ஒருவன் வகுப்பறையில் எழுப்பிய வினாவாகும். பகை நாட்டவன் தீட்டிய படம் அழகாயிருந்தால் அதனை அழகென்று சொல்லலாமா என்று அவன் கேட்டான். நாம் வாழும் கொலன்னாவையில் இவ்வினா வெறும் ஏட்டு வினா அன்று. இங்குள்ள எண்ணெய்த் தாங்கிகள் போர் என்றாற் பகைவர் கண்ணில் முதலிற் படுபவை. 1995 ஒக்டோபரில் அவை தீப்பற்றி எரிந்தபோது வானை மறைத்த கரும்புகையை மாணவப் பருவத்தினராயிருந்த நாம் கண்டோம். அந்நாட்களில் வானொலியில் அமரதேவாவின் பாடலைக் கேட்டுக்கொண்டிருந்த நம்மைப் பெரியப்பா ஒருவர் கடிந்ததும் உண்டு. நம் வீட்டு வானொலியிற் சீர்காழி கோவிந்தராசனின் குரல் எழுந்த போதெல்லாம் சிங்கள அயலவர் ஒருவர் வேலியோரம் நின்று முழுவதும் கேட்டுச் சென்றதும் உண்டு. மாணவனுக்கு அன்று உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. தாகூரின் வாழ்வை மீண்டும் புரட்டினோம்.

1902ஆம் ஆண்டிலே யப்பானியக் கலையறிஞர் ஒக்ககூரா ககூஸோ கல்கத்தாவுக்கு வந்து தாகூர் குடும்பத்தாரோடு நட்புக்கொண்டார். அவர் நாடு திரும்பிய பின், அவருடைய மாணாக்கராகிய யொகோயாமா தைக்கன், ஹிஷிடா ஷுன்ஸோ என்னும் ஓவியர் இருவர் 1903இல் அந்நகருக்கு வந்தனர். கவியரசரின் சிறிய தந்தையார் வழிவந்த அவனீந்திரநாதர் தைக்கன் தீட்டும் முறையைக் கூர்ந்து நோக்கினார். நீர் தோய்ந்த தூரிகையாற் கடதாசியை நனைத்து வண்ணம் பரப்பும் அம்முறையைக் கண்டு, படத்தை நீரில் தோய்த்தும் உலர்த்தியும் மீண்டும் வண்ணம் ஏற்றியும் மென்புகை படர்ந்தாற் போன்ற ஒரு தோற்றத்தை அவர் தம் ஓவியங்களில் உண்டாக்கினார். வங்க ஓவிய மரபு எனப் பின்னர்ப் போற்றப்பட்டதன் தனியியல்பு அதுவே. கொடை ஒருபுறமாக நிகழவில்லை. வந்த யப்பானியரும் நம் கலைமகளையும் காளியையும் தத்தம் மரபில் தீட்டினர். யப்பானியப் பட்டுத்துணியிலே வீணை ஏந்திய சரசுவதி எழுந்தருளியது அக்காலத்து ஒரு புதுமை அன்றோ!

அடுத்த ஆண்டு யப்பான் உருசியாவோடு போர் தொடுத்தது. 1905இல் அது வெற்றி பெற்றபோது ஆசிய நாடுகள் யாவும் மகிழ்ந்தன. தாகூரும் அம்மகிழ்ச்சிக்குப் புறம்பானவர் அல்லர். ஐரோப்பிய வல்லரசு ஒன்றை ஆசிய நாடொன்று வென்றதென்ற பெருமிதம், வென்ற நாடு அடுத்து எவர்மேற் படையெடுக்கும் என்னும் வினாவை மறைத்துவிட்டது. கவியரசர் அதனைக் காணப் பத்தாண்டுகள் சென்றன.

1916 மே மாத இறுதியில் தாகூர் யப்பான் நாட்டுக் கோபே துறைமுகத்தில் இறங்கினார். ஐரோப்பாவிற் பெரும்போர் நிகழ்ந்துகொண்டிருந்த காலம் அது. யப்பானும் நேச நாடுகளின் பக்கம் நின்று, சீனத்திலே ஜேர்மனியர் வசமிருந்த சிங்தாவைக் கைப்பற்றியிருந்தது. தோக்கியோவிற் பெருந்திரளான மக்கள் கூடி அவரை வரவேற்றனர். தைக்கன் தம் இல்லத்தில் அவரை விருந்தினராக ஏற்றார். பின்னர் யொக்ககாமாவில் ஹரா தொமித்தாரோ என்னும் பட்டு வணிகரின் சோலை மனையில் அவர் நெடுநாள் தங்கினார். அங்கேதான் ஷிமொமுரா கன்ஸான் வரைந்த பெரும்படம் ஒன்று அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. கண்ணொளி இழந்த ஒருவன் மறையும் ஞாயிற்றை நோக்கிக் கைகூப்பி நிற்கும் காட்சி அது.

அழகில் இத்துணை ஈடுபட்ட விருந்தினர், தோக்கியோப் பல்கலைக்கழக மேடையில் ஏறியதும் விருந்தளித்தோர் விரும்பாததையே பேசினார். மேனாட்டாரிடமிருந்து அறிவியலைக் கொள்ளலாம், பிற நாடுகளை விழுங்கும் தேசிய வெறியைக் கொள்ளலாகாது என்பது அவர் உரையின் கருத்து. செய்தித்தாள்கள் உடனே மாறின. அடிமைப்பட்ட நாட்டின் கவிஞர் வெற்றி பெற்ற நாட்டுக்கு அறிவுரை கூறுவதா என இகழ்ந்தன. வந்தபோது கூடிய கூட்டம் அவர் விடைபெற்ற போது இல்லை. ஆயினும் ஹராவின் நட்பும் தைக்கனின் நட்பும் குறையவில்லை.

இதனினும் நாம் வியப்பது அதன்பின் நிகழ்ந்தது. தம்மை இகழ்ந்த நாட்டின்மேற் சினங்கொண்டு கதவடைக்காமல், அந்நாட்டு ஓவியர் ஒருவரை அவர் தம் நாட்டுக்கு அழைத்தார். அவர் பெயர் அராய் கம்போ. தைக்கன், கன்ஸான் ஆகியோரின் படங்களைத் தாகூருக்காகப் படியெடுத்துத் தந்தவர் அவரே. ஜொறாசாங்கோ மாளிகையிலே தாகூர் குடும்பத்தார் நடத்திய விசித்திரா என்னும் கலைமன்றத்தில் அவர் யப்பானியத் தூரிகை முறையைக் கற்பித்தார். நந்தலால் போசு முதலியோர் அவரோடு பழகிப் பயன்பெற்றனர். கம்போவோ அசந்தாக் குகைகளுக்குச் சென்று சுவரோவியங்களைப் படியெடுத்தார். போர்க்கப்பல்கள் கடலில் உலவிய அந்நாளில், ஒரு யப்பானியர் அசந்தாவின் இருண்ட குகையில் விளக்கொளியிற் புத்தபிரானின் திருவுருவை வரைந்துகொண்டிருந்தார்.

1921 டிசெம்பரில் விசுவபாரதி முறையாகத் தொடங்கப்பெற்றது. பல நாட்டு அறிஞரும் அங்கு வரலாயினர். ஆயினும் கவியரசர் வழுவாதவர் என்று நாம் சொல்ல மாட்டோம். 1925இல் இத்தாலிய அறிஞர் கார்லோ போர்மிக்கியும் யுசெப்பே துச்சியும் சாந்திநிகேதனம் வந்தபோது, முசோலினி அவர்கள் வாயிலாக அரிய நூற்றொகுதி ஒன்றைப் பரிசாக அனுப்பினார். 1926இல் தாகூர் இத்தாலி சென்று அரசின் விருந்தினரானார். அவர் சொன்ன உபசாரச் சொற்களை அந்நாட்டுச் செய்தித்தாள்கள் திரித்து, முசோலினியின் ஆட்சிக்கு அவர் அளித்த நற்சான்றாக வெளியிட்டன. பின்னர்ச் சுவிற்சலாந்தில் உரோமன் உரோலந்தைச் சந்தித்து, அங்கு நிகழ்ந்த கொடுமைகளைப் பிறர் வாயாற் கேட்டறிந்த பின்னரே அவருக்கு உண்மை விளங்கிற்று. ஆண்டுறூசுக்கு எழுதிய கடிதமொன்றின் வழியாக ஆங்கிலச் செய்தித்தாளிலே தம் மறுப்பை அவர் வெளிப்படுத்தினார். கலைஞன் கொணரும் அன்பு வேறு, அவன் கையில் அரசு கொடுத்தனுப்பும் பொதி வேறு என்பதைக் கவியரசர் பட்டே அறிந்தார். பெரியோர் வரலாறு எழுதுவோர் சிலர் இப்பகுதியைத் தாவிச் செல்வர். அது நேர்மையன்று.

சீனத்துக்கு அவர் சென்றது 1924இல். நந்தலால் போசு, க்ஷிதிமோகன் சேன், காளிதாச நாக் ஆகியோர் உடன் சென்றனர். அந்நாடு அப்போது படைத்தலைவர் பலரால் துண்டாடப்பட்டுக் கிடந்தது. பீக்கிங் நகரில் அவருடைய பிறந்தநாளைச் சீன அன்பர் கொண்டாடி, அவர் எழுதிய சித்திரா நாடகத்தையும் நடித்தனர். புரட்சி வேட்கை கொண்ட இளைஞர் சிலர், பழைமை பேசும் இக்கிழவர் நமக்கு எதற்கு எனத் துண்டுப்பிரசுரம் வழங்கினர். அவ்வெதிர்ப்பு அவரை வருத்திற்று. ஆயினும் சீனத் தொடர்பை அவர் கைவிடவில்லை. 1928இற் சாந்திநிகேதனம் சேர்ந்த தான் யுன்-ஷான் என்னும் அறிஞரின் பெருமுயற்சியால் 1937 ஏப்பிரில் 14ஆம் நாள் அங்கு சீன பவனம் திறக்கப்பெற்றது.

நம் இலங்கைக்கு அவர் மும்முறை, 1922, 1928, 1934ஆம் ஆண்டுகளில், வந்தார். மூன்றாம் முறை தம் மாணவர் குழுவோடு வந்து, கொழும்பு றீகல் அரங்கிலே சாபமோசனம் என்னும் நாட்டிய நாடகத்தை அரங்கேற்றினார். யாழ்ப்பாணத்திலும் அது நடிக்கப்பெற்றது. ஒறணையில் சிறீபாலி கலைக்கூடத்துக்கு அடிக்கல் நாட்டியதும் அப்பயணத்திலேதான். கண்டி நடனத்தைக் கண்டு களித்த அவர், சாந்திதேவ கோசு என்னும் மாணவரை அதனைக் கற்கச் செய்தார். பின்னாளில் இலங்கையின் தேசிய கீதத்தை ஆக்கிய ஆனந்த சமரக்கோன் 1936இற் சாந்திநிகேதனம் சென்று பயின்றவரே.

இனி நம் பொருளின் நடுப்பகுதிக்கு வருவோம். சீன பவனம் திறந்து மூன்று திங்கள் நிறையுமுன், 1937 யூலை 7ஆம் நாள், யப்பான் சீனத்தோடு முழுப்போர் தொடங்கிற்று. தாகூரின் நண்பர் இரு பக்கத்திலும் இருந்தனர். தூரிகை கற்பித்தவர் ஒரு நாட்டவர். நூல்களோடு வந்து தம் வளாகத்தில் வாழ்ந்தவர் மற்ற நாட்டவர். யப்பானியப் படைவீரர் புத்தர் ஆலயத்திற் போர் வெற்றிக்காக வழிபட்டனர் என்ற செய்தியைப் படித்து மனம் நொந்து, அருளாளர் திருமுன் கொலைக்கு வரம் கேட்கும் முரணை எள்ளி ஒரு கவிதை பாடினார்.

1938 யூலையில் யப்பானியக் கவிஞர் யோனே நொகுச்சி அவருக்கு ஒரு கடிதம் எழுதினார். நொகுச்சி 1935இல் இந்தியாவுக்கு வந்து சாந்திநிகேதனத்தில் விருந்தோம்பப் பெற்றவர். சீனத்தில் நடக்கும் போர் ஆசியாவிலே புதியதோர் உலகைப் படைக்கத் தவிர்க்க முடியாத வழி என்பது அவர் வாதம். செப்ரெம்பரிற் தாகூர் விடை எழுதினார். நண்பரே என விளித்து எழுதிய அம்மடலில், குழந்தைகளையும் பெண்டிரையும் குண்டுவீசிக் கொல்வதை எக்கொள்கையாலும் நியாயப்படுத்தல் இயலாதென்றும், ஆசியா ஆசியருக்கே என்னும் முழக்கம் பிறரை அடக்கும் கருவியாயிற்றென்றும் உரைத்தார். மீண்டும் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து நிகழ்ந்தது. இறுதியில், தாம் நேசிக்கும் யப்பானிய மக்களுக்கு வெற்றியை அன்று, தம் செயலுக்கு வருந்தும் மனத்தையே வேண்டுவதாக முடித்தார். ஒருவரை நேசித்துக்கொண்டே அவர் தோற்க வேண்டுமென விழைவது எளிதன்று. நேசிப்பதாற் பேசாதிருத்தல் எளிது. பேசியபின் நேசியாதிருத்தலும் எளிது.

போர் நடந்துகொண்டிருக்கையில், 1939ஆம் ஆண்டின் இறுதியிற் சீன ஓவியர் சூ பெய்ஹொங் சாந்திநிகேதனம் வந்தார். தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்து, வரும் பொருளைப் போரால் வாடும் தம் நாட்டு மக்களின் துயர்துடைக்க அனுப்புதல் அவர் நோக்கம். முன்னரே சிங்கப்பூரில் அவ்வாறு செய்திருந்தார். சாந்திநிகேதனத்திலும் கல்கத்தாவிலும் காட்சிகள் நடந்தன. தாகூர் அதற்கு முன்னுரை வழங்கினார். 1940 பெப்ரவரியிற் காந்தியடிகள் சாந்திநிகேதனம் வந்தபோது, கவியரசர் சூ பெய்ஹொங்கை அவருக்கு அறிமுகஞ் செய்ய, ஓவியர் அடிகளின் உருவை விரைந்து வரைந்தார். தாகூரின் உருவையும் அவர் தீட்டினார்.

மலையைப் பெயர்க்கத் துணிந்த முதியவன் என்னும் சீனப் பழங்கதையைப் பெரும்படமாக அவர் தீட்டியதும் இந்திய மண்ணிலேதான். தலைமுறை தலைமுறையாக வெட்டினால் மலையும் அகலும் என்பது கதை. போரில் நசுங்கிய தம் நாட்டுக்கு அவர் சொல்ல விரும்பிய செய்தியும் அதுவே. அப்படத்தில் மண்வெட்டி ஓங்கும் தொழிலாளர் சிலருக்கு இந்தியரே மாதிரியாய் நின்றனர். சீனத்துக் கதைக்கு நம்மவர் தோளும் புயமும் உதவியது நமக்குப் பெருமை தருகின்றது. முதுமையிலே ஓவியம் தொடங்கிய தாகூரிடம் அப்போது ஆயிரக்கணக்கான படங்கள் குவிந்திருந்தன. நோயுற்றிருந்த அவர், அவற்றுட் சிறந்தவற்றைத் தெரிந்து தரும்படி சூ பெய்ஹொங்கிடமும் நந்தலாலிடமும் ஒப்படைத்தார். நிதி திரட்ட வந்த விருந்தினர், விருந்தளித்தவரின் படங்களுக்குத் தேர்வாளராயினார்.

1941 ஓகஸ்ட் 7ஆம் நாள் கவியரசர் தாம் பிறந்த மாளிகையிலேயே மறைந்தார். எட்டுத் திங்களின் பின், 1942 ஏப்பிரில் 5ஆம் நாள் ஞாயிறு காலை, யப்பானிய விமானங்கள் கொழும்பின்மேற் பறந்தன. நம் கொலன்னாவைக்கு அயலிலுள்ள அங்கொடை மனநோய் மருத்துவமனையிற் குண்டுகள் வீழ்ந்து நோயாளர் மாண்டனர். எண்ணெய்த் தாங்கிகள் என்று பிழையாகக் கருதி வீசினர் என்பர். அக்கதையை இவ்வூர் முதியோர் சொல்லக் கேட்டே நாம் வளர்ந்தோம்.

அதே 1942இற் சாந்திநிகேதனத்திற் சீன பவனத்தின் சுவரொன்றிலே வினோதவிகாரி முகர்ச்சி என்னும் ஓவியர் வளாக வாழ்வின் காட்சிகளைத் தீட்டிக்கொண்டிருந்தார். பிறவியிலேயே கண்பார்வை குறைந்தவர் அவர். சில ஆண்டுகளின் முன் யப்பான் சென்று அந்நாட்டு ஓவியரோடு பழகித் தூரிகை நுட்பம் அறிந்து வந்தவர். யப்பானிற் பழகிய அக்கை சீனர் இல்லத்துச் சுவரில் வண்ணம் ஏற்றியதை எவரும் தடுக்கவில்லை. மாணவனுக்கு நாம் இக்கதையைச் சொன்னோம். அவன் அச்சுவரோவியத்தின் படத்தைக் காட்டும்படி கேட்டான்.