நாவலர் வாழ்வும் தொழில் முயற்சியும்

ஆறுமுக நாவலர் என்றவுடன் நம் மனக்கண் முன் நிற்பவை திருநீறு துலங்கும் நெற்றியும், கையிலே ஏடும், சபையோரை அசையாதிருத்தும் நாவன்மையுமே. சைவத்துக்கும் தமிழுக்கும் அவர் ஆற்றிய தொண்டினைப் பெரியோர் பலர் பல மலர்களிலே விரித்து எழுதியிருக்கின்றனர். அதனை மீண்டும் எழுதுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாவலரை வேறொரு பக்கத்தில் நின்று பார்க்க விரும்புகின்றோம். ஒருவரிடம் தொழில் முயற்சிக்கு வேண்டிய மனப்பாங்கும் குணங்களும் உண்டா என்று எவ்வாறு அறிவது? இவ்வினாவுக்கு அவர் வாழ்வு தெளிவான விடை தருகின்றது என்பது நமது கருத்து.

இவ்வினா நமக்கு வெறும் ஏட்டு வினாவன்று. ஆனையிறவிலும் கிளிநொச்சியிலும் பட்டம் பெற்ற இளைஞர் அரசாங்க நியமனத்தை எதிர்பார்த்து ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கின்றனர். வேறு சிலர் கடன்பட்டுக் கடை திறக்கின்றனர். கடை பூட்டப்படுகின்றது, கடன் மாத்திரம் நிற்கின்றது. முன்னவர் தமக்குத் துணிவு இல்லையென்று சொல்லி ஒதுங்குகின்றனர். பின்னவரிடம் துணிவு நிறைய இருந்தது. ஆயினும் தொழில் நிலைக்கவில்லை. ஆகவே துணிவு ஒன்றையே அளவுகோலாகக் கொள்வது பிழை என்பது தெளிவு. சரியான அளவுகோல் எது என்பதை நாவலர் வரலாற்றிலே தேடுவோம்.

ஆறுமுகம் என்னும் பெயருடன் அவர் நல்லூரிலே 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் 18 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கந்தப்பிள்ளை, தாயார் சிவகாமி அம்மையார். தந்தையார் நாடகம் எழுதும் புலமை வாய்ந்தவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் ஒரு நாடகத்தைப் பாதியிலே விட்டு மறைந்தாரென்றும், அதனைச் சிறுவனே எழுதி நிறைவு செய்தானென்றும் கூறுவர். பின்னர் இருபாலைச் சேனாதிராச முதலியார், நல்லூர்ச் சரவணமுத்துப் புலவர் ஆகிய இருவரிடமும் தமிழ் பயின்றார். ஆங்கிலம் கற்றது யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையிலே. இன்றைய யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் முன்னைய நிலை அதுவேயாகும்.

அப்பாடசாலையின் தலைவர் பேர்சிவல் பாதிரியார் மாணவனுடைய திறமையைக் கண்டு, இருபது வயதளவிலேயே அவரை ஆசிரியராக்கினார். விவிலிய நூலைத் தமிழாக்கும் பணியிலும் துணையாகச் சேர்த்துக்கொண்டார். அம்மொழிபெயர்ப்பின் பொருட்டு இருவரும் சென்னைக்கும் சென்று வந்தனர். அக்காலத்து யாழ்ப்பாணத்திலே ஆங்கிலம் கற்ற ஓர் இளைஞன் பெறக்கூடிய நல்ல உத்தியோகங்களுள் அது ஒன்று. மாதந்தோறும் சம்பளம், ஊரிலே மதிப்பு, தலைவரின் அன்பு. இவற்றுக்கு மேல் என்ன வேண்டுமென்று பிறர் நினைத்திருப்பர்.

ஆனால் அவ்விளைஞர் அங்கே சம்பளம் மாத்திரம் பெறவில்லை. மாணவரை வகுப்பு வகுப்பாகப் பிரித்துக் கற்பிக்கும் முறையையும், குறித்த நேரத்திலே பாடம் நடத்தும் ஒழுங்கையும், வயதுக்கேற்ற பாடப் புத்தகத்தின் பயனையும், மக்களைக் கூட்டிப் பேசும் பிரசங்க முறையையும், அச்சுப்பொறியின் ஆற்றலையும் அருகிருந்து கண்டார். 1834 ஆம் ஆண்டளவிலே மானிப்பாயில் அமெரிக்க மிஷனாரின் அச்சுக்கூடம் வேலை தொடங்கிவிட்டது. 1841 இலே உதயதாரகைப் பத்திரிகையும் வெளிவந்தது. மாறாகச் சைவப் பிள்ளைகள் திண்ணைப் பள்ளிக்கூடங்களிலே ஏட்டுச் சுவடிகளையே நம்பியிருந்தனர். இக்குறையைப் பலரும் கண்டு வருந்தினர். நாவலரோ தாம் வேலை செய்த இடத்திலேயே அதற்கு மருந்து இருப்பதைக் கண்டார். மிஷன் பாடசாலையிலே படித்த நம் போன்றோர் சிந்திக்க வேண்டிய இடம் இது. கொள்கையிலே மாறுபட்டவரிடத்தும் தொழிலைக் கற்கலாம். கற்றதை நம்முடைய தேவைக்கு ஆளலாம்.

அடுத்து அவர் செய்ததை நாள் குறித்துப் பார்த்தல் வேண்டும். 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் 31 ஆம் நாள் வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே முதற் பிரசங்கம் செய்தார். அப்பொழுது அவர் மிஷன் ஆசிரியராகவே இருந்தார். வெள்ளிக்கிழமைப் பிரசங்கங்கள் தொடர்ந்தன. கேட்க வருவோர் தொகை பெருகியது. 1848 இலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கியது. அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் அவர் உத்தியோகத்தைத் துறந்தார். பேர்சிவல் பாதிரியார் கூடுதலான சம்பளம் தருவதாகச் சொல்லித் தடுத்தும் அவர் இணங்கவில்லை என்பர். அப்பொழுது அவருக்கு வயது இருபத்தைந்து.

கண்ணை மூடிக்கொண்டு கிணற்றிலே குதித்தவருடைய செயலன்று இது. ஊரவர் தம் பேச்சைக் கேட்க வருவார்களா என்பதை அவர் முதலிலே பார்த்தார். பின்னர் பாடசாலைக்குப் பிள்ளைகள் சேர்வார்களா என்பதைப் பார்த்தார். இரண்டுக்கும் விடை கிடைத்த பின்னரே சம்பளத்தை விட்டார். இவ்விடத்திலே அமெரிக்க உளவியலறிஞர் டேவிட் மக்கிளெலண்ட் நினைவுக்கு வருகின்றார். 1961 ஆம் ஆண்டு வெளிவந்த தம் நூலிலே, தொழில் முயற்சியாளரின் மனத்தை அவர் ஆராய்ந்தார். நிலத்திலே நாட்டிய ஒரு முளையின்மேல் வளையத்தை எறியும் விளையாட்டு அவ்வாராய்ச்சியிற் பேசப்படுகின்றது. எவ்வளவு தூரத்தில் நின்றும் எறியலாம். சிலர் முளைக்குப் பக்கத்திலே நின்று தவறாமற் போடுகின்றனர். சிலர் எட்டாத தூரத்திலே நின்று அதிர்ஷ்டத்தை நம்பி எறிகின்றனர். சாதிக்கும் வேட்கை மிக்கவரோ இடைத் தூரத்தைத் தெரிந்து நிற்கின்றனர்; முயன்றால் எட்டக்கூடிய, முயலாவிடில் எட்டாத தூரம் அது. நாவலர் நின்றதும் அவ்விடத்திலேயே.

பாடசாலை நடந்தது, புத்தகம் இல்லை. ஆகவே 1849 இலே மாணவர் சதாசிவம்பிள்ளையுடன் அச்சியந்திரம் வாங்கச் சென்னைக்குப் புறப்பட்டார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் நிகழ்த்திய பிரசங்கம் அவருக்கு நாவலர் என்னும் பட்டத்தைத் தந்தது. சென்னையிலே தங்கியிருந்த காலத்தைச் சும்மா கழிக்காமல் சூடாமணி நிகண்டுரையையும் சௌந்தரியலகரி உரையையும் அச்சிட்டார்; பின்னரே யந்திரத்துடன் திரும்பினார். வண்ணார்பண்ணையிலே அமைந்த அச்சுக்கூடத்துக்கு வித்தியாநுபாலன யந்திரசாலை என்று பெயரிட்டார். 1850, 1851 ஆம் ஆண்டுகளிலே பாலபாடங்கள் வெளிவரத் தொடங்கின. 1852 இலே பெரியபுராண வசனம் வந்தது.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். வித்தியாசாலை வாசிக்கத் தெரிந்தவரை ஆண்டுதோறும் உருவாக்கியது. அவர்களுக்குப் புத்தகம் தேவைப்பட்டது. அதனை யந்திரசாலை கொடுத்தது. புத்தகம் பரவப் பரவப் பிரசங்கத்துக்குக் கூட்டம் சேர்ந்தது. பிரசங்கம் கேட்டவர் தம் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பினர். தனித்தனியாக இவற்றுள் எதுவும் புதிதன்று. ஒன்று மற்றொன்றுக்கு ஊட்டம் கொடுக்குமாறு இணைத்ததே புதிது. பொருளியலறிஞர் சும்பீட்டர் தம் 1911 ஆம் ஆண்டு நூலிலே, முன்பே உள்ளவற்றைப் புதுவகையாகச் சேர்ப்பவனே முயற்சியாளன் என்னும் கருத்தை நிலைநாட்டினார். அந்நூல் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வண்ணார்பண்ணையிலே அது நடந்து முடிந்திருந்தது.

அவர் சரக்கின் தரத்தையும் விட்டுக்கொடுக்கவில்லை. ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து அச்சிட்டார். வாசிப்போர் இடர்ப்படாதிருக்க நிறுத்தற் குறிகளைத் தமிழ் வசனத்திலே வழங்கினார். நாவலர் பதிப்பு என்றால் நம்பி வாங்கலாம் என்னும் பெயர் நிலைத்தது. யாழ்ப்பாணத்துச் சந்தை சிறிது என்று கண்டு, சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் ஓர் அச்சுக்கூடம் அமைத்தார். முகவை பொன்னுச்சாமித் தேவர் பொருளுதவி செய்ய, 1861 இலே திருக்குறட் பரிமேலழகருரையும் திருக்கோவையாருரையும் வெளிவந்தன. 1864 இலே சிதம்பரத்திலும் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. பாக்குநீரிணையின் இருகரையும் அவருக்கு ஒரே களமாயிற்று.

இத்தனையும் இலகுவாக நடந்தனவென்று எண்ணலாகாது. வித்தியாசாலையிலே பிள்ளைகளிடம் சம்பளம் வாங்குவதில்லை. தொடக்க காலத்திலே அரசாங்க உதவிப் பணமும் இல்லை. புத்தகம் விற்ற பணமும் அன்பர் கொடுத்த பொருளுமே கைகொடுத்தன. வணிகரிடத்தும் பிரபுக்களிடத்தும் சென்று கேட்பதற்கு அவர் நாணவில்லை. தமக்கென்று குடும்பமும் அமைத்துக்கொள்ளவில்லை.

தோல்வியும் வந்தது. ஆங்கிலம் கற்க விரும்பும் சைவப் பிள்ளைகளுக்காக 1872 இலே வண்ணார்பண்ணையில் சைவாங்கில வித்தியாசாலை ஒன்றைத் தொடங்கினார். பணமுடையால் அது சில ஆண்டுகளிலே மூடப்பட்டது. தேவையை அவர் பிழையாகக் கணிக்கவில்லை. அவர் மறைந்தபின் 1890 அளவிலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தோன்றி அதே தேவையை நிறைவேற்றியது. தமிழ்ப் பாடசாலையைத் தாங்கிய அச்சுக்கூடம் போன்றதொரு தூண் ஆங்கிலப் பாடசாலைக்கு இருக்கவில்லை என்றே நாம் கருதுகின்றோம். எண்ணம் சரியாயிருந்தும் தொழில் விழலாம் என்பதற்கு அது சான்று.

மற்றொரு குறையையும் மறைத்தல் தகாது. சாதி வரம்பை நாவலர் கடக்கவில்லை. அக்கால வழக்கத்தையே அவர் தம் எழுத்திலும் ஏற்றுக்கொண்டார். அதனால் அவர் மூட்டிய கல்விச் சுடரின் ஒளி ஊரின் எல்லா முற்றங்களிலும் விழவில்லை. பெரியோரைப் போற்றுதல் என்பது அவர் நின்றுவிட்ட இடத்திலே நாமும் நின்றுவிடுவதன்று.

1876 ஆம் ஆண்டு தொடங்கிப் பஞ்சமும் வாந்திபேதியும் யாழ்ப்பாணத்தை வாட்டின. நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவருக்கு உணவளித்தார். தருமத்தோடு அவர் சிந்தனை நின்றுவிடவில்லை. பஞ்சத்துக்கு வேர் உற்பத்திக் குறைவிலே இருப்பதை உணர்ந்து, உழவுக்கும் வாணிகத்துக்குமாகப் பங்குக் கம்பனி ஒன்று தோன்றவும் துணைநின்றார். திருகோணமலைப் பக்கத்து நிலங்களிலே பயிர்செய்வது அதன் நோக்கம். அதனை வளர்த்தெடுக்க ஆயுள் இடந்தரவில்லை. 1879 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 ஆம் நாள், ஐம்பத்தேழு வயது நிறையுமுன் அவர் மறைந்தார்.

இனி நம் வினாவுக்கு வருவோம். நாவலர் வாழ்விலிருந்து நாம் பெறும் அளவுகோல் இது: ஒருவன் தொழிலுக்கு ஏற்றவனா என்பதை அவன் ஆசையைக் கொண்டு அளத்தல் கூடாது, உத்தியோகத்தில் இருக்கும்போதே, அல்லது படிக்கும்போதே, ஓய்ந்த நேரத்தில் அவன் செய்து பார்த்ததைக் கொண்டு அளத்தல் வேண்டும். நாவலருக்கு அந்த நேரம் வெள்ளிக்கிழமை. நம் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளிக்கிழமை உண்டு. அதிலே நாம் எதைச் செய்து பார்த்தோம்? யாரிடம் தொழில் கற்றோம்? நம் சரக்கை முன்பின் அறியாதவர் ஒருவராவது விரும்பி வாங்கினாரா? அது விழுந்தால் தாங்குவதற்கு வேறொரு தூண் வைத்திருக்கின்றோமா? இக்கேள்விகளுக்கு விடை சொல்லக்கூடியவன் முதலில்லாவிடினும் முயற்சியாளனே. விடை இல்லாதவனுக்குக் கடன் கொடுப்பது அவனுக்கே தீங்காகும்.

விடை இல்லையென்று கண்டவர் மனஞ்சோரவும் வேண்டியதில்லை. மேலே சொன்ன மக்கிளெலண்ட் 1964 இலே ஆந்திரத்துக் காக்கிநாடாவில் சிறுவணிகர் சிலருக்குக் குறுகிய காலப் பயிற்சி நடத்தினார். பயிற்சி பெற்றவர் பெறாதவரினும் கூடுதலாகத் தொழிலைப் பெருக்கினர் என்று கண்டார். ஆகவே இக்குணங்கள் தலையெழுத்தல்ல, பழகிப் பெறக்கூடியவை. நமது சங்கத்தின் மூத்தோர் இதனை மனங்கொள்வாராக. பேச்சுப் போட்டிக்கும் விளையாட்டுப் போட்டிக்கும் பரிசளிப்பதுபோல, சிறு தொழிலொன்றை ஓராண்டு நடத்திக் கணக்குக் காட்டும் இளைஞருக்கும் பரிசளித்தல் நன்று.

நம் கண்முன்னே உப்பளம் இருக்கின்றது. போரினால் 1990 அளவிலே முடங்கிய அவ்விடத்திலே, 2025 மார்ச்சில் உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. கடல்நீர் பாத்தியிலே பாய்ந்த அன்றே உப்பாவதில்லை; பாத்திக்குப் பாத்தி மாறி, வெயிலிலே செறிந்து, மழைக்கு முன் வாரப்படுகின்றது. தொழிலாளி வெயிலையும் கணிக்கின்றான், மழையையும் கணிக்கின்றான். அக்கணிப்பும் பொறுமையும் நம் ஊர் மண்ணிலேயே உள்ளன. அவற்றை நம் இளைஞர் தம் தொழிலிலும் கைக்கொண்டு வாழ்வாராக.