வெள்ளத்தைத் தேக்கிக் குடிநீராக்கிய விஸ்வேஸ்வரய்யா

புதுடெல்லி: நாடு முழுவதும் பொறியாளர் தினமாகக் கொண்டாடப்படும் செப்டம்பர் 15, மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவின் பிறந்த நாளாகும். மைசூர் சமஸ்தானத்தின் முத்தேனஹள்ளியில் 1861-ல் பிறந்த அவர், புணேயில் பொறியியல் பயின்று பம்பாய் மாகாணப் பொதுப்பணித் துறையில் சேர்ந்தார்.

புணேவுக்குக் குடிநீர் தரும் கடக்வாஸ்லா அணையில் அவர் வடிவமைத்த தானியங்கி மதகுகள் 1903-ல் பொருத்தப்பட்டன. அணையை உயர்த்தாமலேயே கூடுதல் நீரைத் தேக்க அவை வழிசெய்தன.

1908 செப்டம்பரில் மூசி ஆற்று வெள்ளம் ஹைதராபாதில் ஆயிரக்கணக்கானோரைப் பலிகொண்டது. நிஜாம் அரசின் அழைப்பை ஏற்று 1909-ல் அங்கு சென்ற அவர், நகருக்கு மேற்புறத்தில் நீர்த்தேக்கங்கள் கட்டப் பரிந்துரைத்தார். அவ்வாறு உஸ்மான் சாகர் 1920-லும், ஹிமாயத் சாகர் 1927-லும் உருவாயின. வெள்ளத்தைத் தடுக்க எழுந்த ஏரிகளே பல்லாண்டுகள் நகரின் தாகம் தீர்த்தன.

1912 முதல் 1918 வரை மைசூர் திவானாக இருந்த அவர், 1955-ல் பாரத ரத்னா விருது பெற்றார்; 1962-ல் காலமானார்.

இவ்வேரிகளைச் சுற்றி 10 கி.மீ. தொலைவுக்குக் கட்டுமானங்களைக் கட்டுப்படுத்திய 1996-ம் ஆண்டு அரசாணையின் தடைகளை விலக்க, தெலங்கானா அரசு 2022-ல் ஆணை பிறப்பித்தது. கிருஷ்ணா, கோதாவரி நீர் நகருக்குக் கிடைப்பதால் ஏரிகளின் தேவை குறைந்துவிட்டதாகக் காரணம் கூறப்பட்டது. எனினும், வறட்சியும் பெருமழையும் மாறிமாறித் தாக்கும் இக்காலத்தில், நீர்பிடிப்புப் பகுதியை இழக்கும் நகரம் இரண்டுக்குமே அரணின்றி நிற்க நேரிடும்.