வறுமையில் இறந்தவரின் கதைகள் கேம் ஆனது எப்படி? யார் இந்த லவ்கிராஃப்ட்?

மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு கதாபாத்திரமாக மாறி, பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேம் 'கால் ஆஃப் கத்துலு'. அதன் உலகம் ஹெச்.பி. லவ்கிராஃப்ட்டின் கதைகளில் பிறந்தது.

1890-ல் அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தார். மூணு வயசு ஆகும் முன்பே அப்பா மனநல மருத்துவமனைக்குப் போனார். பின்னாளில் அம்மாவும் அதே மருத்துவமனைக்கு.

பிழைப்பும் எழுத்தும்

பள்ளிப் படிப்பை முடிக்கல. மற்றவர்கள் எழுதியதைத் திருத்திக் கொடுத்துதான் பிழைப்பு ஓடியது. 1928-ல் கத்துலு கதை வெளியானது. 1936-ல், அண்டார்டிகாவில் வேற்றுக்கிரகவாசிகளின் நகரத்தைக் கண்டுபிடிக்கும் நாவல் அறிவியல் புனைகதை இதழில் தொடராக வந்தது. தான் உருவாக்கிய கடவுள்களை நண்பர்களும் கதைகளில் பயன்படுத்தட்டும் என விட்டுவிட்டார். அவரது இனவெறிப் பார்வை இன்றும் விமர்சிக்கப்படுகிறது.

1937-ல் குடல் புற்றுநோயால் இறந்தபோது வயது 46.

கேமில் என்ன புதுசு?

1981-ல் சாண்டி பீட்டர்சன் இந்த கேமை உருவாக்கினார். வழக்கமான கேமில் அரக்கனைக் கொன்றால் பலம் கூடும். இதில் அரக்கனைப் பார்த்தாலே மனத்தெளிவுக்கான புள்ளிகள் குறையும். பூஜ்யமானால் அந்தக் கதாபாத்திரம் அவ்வளவுதான். சின்ன வயசிலிருந்து லவ்கிராஃப்ட் வீட்டிலேயே பார்த்த இழப்பும் அதுதான்.