இரு கட்சிக்கும் சாட்சியான வைத்தியர்

கருச்சிதைவு பற்றிய வாதம் எங்கே எழுந்தாலும் என் நினைவு 1938 ஆம் ஆண்டின் இலண்டன் மாநகருக்குச் சென்றுவிடும். மாணவப் பருவத்தில், சட்டம் தளர்த்தப்படல் வேண்டும் என்ற கட்சிக்காக விவாத மேடையேறிய நான், அலெக் போர்ண் என்னும் வைத்தியரையே என் தலைமைச் சாட்சியாகக் கொண்டேன். அவரது வாழ்வின் பாதியை மட்டும் சபைக்குச் சொன்னேன். மறு பாதியை அறிந்திருந்தும் மறைத்தேன். அக்கடனை இன்று தீர்க்க விழைகின்றேன்.

1886 இல் பிறந்த போர்ண், கேம்பிரிட்ஜில் பயின்று, இலண்டன் சென் மேரீஸ் வைத்தியசாலையில் மகப்பேற்று நிபுணராய்ப் பெயர் பெற்றவர். 1938 இல், படைவீரரின் வன்செயலுக்கு இரையாகிக் கருவுற்ற பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தியைப் பற்றி ஜோன் மலேசன் என்னும் பெண் வைத்தியர் அவருக்கு எழுதினார். வேறோரிடத்தில் அவளுக்கு உதவி மறுக்கப்பட்டிருந்தது. போர்ண் அவசரப்படவில்லை. சிறுமியைச் சில நாள் வைத்தியசாலையில் வைத்து அவள் மனநிலையைக் கவனித்தார். பரிசோதனை ஒன்றின்போது அவள் உளமுடைந்து அழுததைக் கண்ட பின்னரே துணிந்தார். பெற்றோரின் சம்மதத்துடன், ஊதியம் எதுவும் பெறாது, யூன் 14 ஆம் நாள் சத்திரசிகிச்சையைச் செய்து முடித்தார். விசாரிக்க வந்த பொலிசாரிடம் எதனையும் ஒளித்தாரல்லர். தம்மைக் கைதுசெய்யுமாறு தாமே வேண்டிக்கொண்டார்.

1861 ஆம் ஆண்டுச் சட்டப்படி அக்குற்றத்துக்கு ஆயுட்காலத் தண்டனையும் விதிக்கலாம். யூலை மாதம் வழக்கு நடந்தது. அச்சட்டம் சட்டவிரோதமாகக் கருவைக் கலைப்பதையே குற்றமாக்கியது என்பதைச் சுட்டினார் நீதியரசர் மக்னாட்டன். அவ்வாறாயின், சட்டத்துக்கு அமைந்த கருச்சிதைவும் உண்டன்றோ? தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்வது குற்றமாகாது. உயிருக்கும் உடல்நலத்துக்கும் இடையே கூரிய எல்லை வகுத்தலும் அரிது. ஒரு பெண் உடலாலோ உள்ளத்தாலோ சிதைந்துபோவாள் என வைத்தியர் நேர்மையாக நம்பினால் அதுவும் அவள் உயிரைக் காத்தலேயாம் என்று யூரிமாருக்கு அவர் விளக்கினார். யூரிமார் போர்ணைக் குற்றமற்றவரெனக் கண்டனர். அதன்பின் ஏறத்தாழ முப்பதாண்டுக் காலம் ஆங்கிலேய வைத்தியர்கள் அத்தீர்ப்பின் நிழலிலே பணிபுரிந்தனர்.

மேடையிலே நான் நிறுத்திய இடம் இதுவே. கரகோஷம் எழுந்தது, எம் கட்சி வென்றது.

நான் சொல்லாது விட்டது இது. 1967 இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கருச்சிதைவுச் சட்டத்தை நிறைவேற்ற முற்பட்டபோது, அதனை எதிர்த்தோர் அணியில் முதிய போர்ணும் நின்றார். பிறவாத சிசுக்களைக் காக்கவென அக்காலத்தில் அமைந்த சங்கத்திலும் அவர் இணைந்திருந்தார். தாம் திறந்த வாயில் துன்புற்ற சிலருக்கே உரியது, எல்லோருக்கும் பொதுவழியாதல் தகாது என்பது அவர் நிலை. 1974 இல் அவர் மறைந்தார்.

அவரை முரண்பட்டவர் என்போர் உளர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. கண்முன் கிடந்த ஒரு சிறுமியைக் கண்டு அவர் இரங்கினார். கண்ணிற் படாத சிசுக்களை எண்ணியும் இரங்கினார். எனினும், எத்துயர் போதிய துயர் என்பதை வைத்தியரே அளந்து கூறுவதா, துயருறும் பெண் கூறுவதா என்ற வினாவுக்கு அவர் வாழ்வு முழு விடை தரவில்லை.

அவ்வினா நமக்கும் அந்நியமன்று. இலங்கையின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, தாயின் உயிரைக் காப்பதற்கு மட்டுமே விலக்களித்தது. வன்புணர்ச்சிக்கு ஆளானோருக்கும் அவ்விலக்கை விரிக்க 1995 இல் எடுத்த முயற்சி கைவிடப்பட்டது.

இன்று விவாதத்துக்கு ஆயத்தம் செய்யும் மாணவர் என்னிடம் வரும்போது போர்ணின் வாழ்வை முழுவதுமாகவே சொல்கின்றேன். அவர்கள் எக்கட்சியைச் சார்ந்தாலும், வெல்வது சிறிது கடினமாகிவிடுகின்றது.