சிவப்பணுவின் கொழுப்பை அளக்க வழிகண்ட டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கு வழங்கப்படும் மாத்திரையில் இரும்புச்சத்துடன் ஃபோலிக் அமிலமும் உள்ளது. அதைச் செயற்கையாகத் தயாரித்த ஆய்வுக் குழுவுக்குத் தலைமை வகித்தவர் டாக்டர் எல்லாப்பிரகத சுப்பாராவ். இரத்த ஆய்வுக்கு அவர் அளித்த மற்றொரு கொடை அவ்வளவாக அறியப்படவில்லை.

1895 ஜனவரி 12 அன்று, அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில் பிறந்தார். உணவுச் சத்துகளைக் குடல் உறிஞ்ச இயலாமற்போகும் ஸ்புரூ நோய்க்கு உடன்பிறந்தோர் இருவரைப் பறிகொடுத்தார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்ததால் அறுவை சிகிச்சைப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். தகுதியே பெற்றார். அடுத்து நிகழ்ந்தவற்றை நோக்கினால், இழப்பு பட்டத்துக்கே எனலாம்.

பின்னர் பாஸ்டன் சென்று, மருத்துவமனையில் இரவுநேர ஊழியராகப் பணிபுரிந்தவாறே பயின்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, பாஸ்பரசை அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். அமிலக் கரைசலில் அமோனியம் மாலிப்டேட்டும் ஒடுக்கும் பொருளும் சேர்த்தால் நீலநிறம் தோன்றும்; நிறத்தின் அடர்த்தியே பாஸ்பரசின் அளவு.

அதே 1925இல் நெதர்லாந்தின் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, நீர்மேல் மென்படலமாகப் பரப்பினர். அதன் பரப்பு அணுக்களின் மேற்பரப்பைப் போல் இருமடங்கு இருந்தது. ஆகவே அணுவின் சவ்வு இரட்டைக் கொழுப்படுக்கு என்றனர். அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் எடுக்கவில்லை; மேற்பரப்பையும் குறைத்தே கணித்திருந்தனர். இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, முடிவு சரியாயிற்று.

பின்னாளில் குளோரோஃபார்ம், மெத்தனால் கலவை பயன்பாட்டுக்கு வந்தது. கழுவிய சிவப்பணுக்களுடன் அதைக் கலந்தால் புரதம் திரிந்து படியும்; கொழுப்பு கரைப்பானில் சேரும். கரைப்பானை ஆவியாக்கி, எஞ்சியதை அமிலத்தில் சூடாக்கிச் சிதைத்தால் பாஸ்பரஸ் விடுபடும். சுப்பாராவ் முறையில் அதை அளந்து 25ஆல் பெருக்கினால் பாஸ்போலிப்பிடின் தோராய எடை கிட்டும். கடும் கல்லீரல் நோயில் பாஸ்போலிப்பிடை ஒப்பிடச் சவ்வில் கொலஸ்டிரால் மிகுந்து, அணுக்கள் முள்வடிவமாகி மண்ணீரலில் அழிவதும் இத்தகைய அளவீடுகளால் அறியப்பட்டதே. இஃது ஆராய்ச்சிக்கூடச் சோதனை. மருத்துவமனையில் வழக்கமாகச் செய்யப்படும் கொலஸ்டிரால் பரிசோதனை வேறு.

1940இல் லெடர்லே நிறுவனத்தில் சேர்ந்தார். யானைக்கால் நோய்க்கான டைஎத்தில்கார்பமசினும் அங்கு அவர் தலைமையில் உருவானதே. 1945இல் ஃபோலிக் அமிலம் தயாரானது. ஸ்புரூ நோயாளரின் இரத்தசோகை அதனால் தணிந்ததை அவர் உயிருடன் இருக்கும்போதே மருத்துவர்கள் கண்டனர். 1948 ஆகஸ்டில், 53ஆம் வயதில், நியூயார்க்கில் மறைந்தார்.